ஆரணியின் மற்ற நெசவாளர்கள்

பட்டுப் புடைவை கட்டிக்கொள்ளும் நேயர்களுக்கும், அதற்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விடும் நேயர்களுக்கும் ஒரு சின்னக் கேள்வி. பட்டுப் பூச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? புழுவைக் கேட்கவில்லை. கூட்டையும் கேட்கவில்லை. அந்தக் கூட்டிலிருந்து வெளியே வருகிறதே, இறகு முளைத்த பூச்சி, அதைக் கேட்கிறேன்.

பார்த்திருக்க மாட்டீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆரணியில் பிறந்து, தறிச் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பெரியவர்களே, "பூச்சியா? நாங்க எங்கே பார்த்தோம்!" என்று சிரிக்கிறார்கள். காரணம் சுலபமானது. பூச்சி வெளியே வந்தால் கூட்டில் ஓட்டை விழுந்துவிடும். ஒரே இழையாக ஆயிரம் மீட்டர் வரைகூட ஓடக்கூடிய நூல் துண்டு துண்டாகிவிடும். ஆகையால் உள்ளே இருப்பதை ஆவியில் அவித்துவிட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள். அந்த நூல் கர்நாடகப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக வந்து சேரும்போது பூச்சியின் சாயல்கூட அதில் இராது. முட்டைக்கென்று விட்டுவைக்கிற சில பூச்சிகளுக்கும் வாழ்வு சொற்பந்தான். ஐயாயிரம் வருஷமாக மனிதன் வளர்த்து வளர்த்துப் பறக்கவே மறந்துபோன பிராணி அது. சாப்பிடவும் வாய் இல்லை. ஜோடி சேர்ந்து, முன்னூறு நானூறு முட்டை இட்டுவிட்டுச் சில நாளில் கதை முடிந்துவிடும்.

போகட்டும், பட்டு நூற்கும் பிராணி உலகத்தில் அது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரணியில் ஒரு சாதாரண நெசவாளி வீட்டில், தறிக் குழியை விட்டு எழுந்து கொல்லைப்புறம் போய்த் திரும்புவதற்குள் பட்டு நூற்கிறவர்கள் மூன்று நான்கு பேரைச் சந்தித்துவிடலாம். அவர்களுக்குக் கூலி கிடையாது, போனஸ் கிடையாது, ஆரணிப் பட்டுக்குக் கிடைத்திருக்கும் புவிசார் குறியீட்டிலும் பங்கு கிடையாது. உங்கள் சட்டைப் பையில் செல்போன் இருக்குமே, அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் படம் பிடித்து அலுத்துப்போயிருக்கிறது, பாவம்.

முதலில் செம்பருத்திச் செடிக்கும் மதில் சுவருக்கும் நடுவே பாருங்கள். கையெழுத்துச் சிலந்தி என்று ஒன்று உண்டு. வலையின் மத்தியில், கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி மாதிரி வைத்துக்கொண்டு தலைகீழாக உட்கார்ந்திருக்கும். வலையில் வெள்ளை வெளேரென்று நெளிநெளியாக ஒரு தையல். அதுதான் அதன் 'கையெழுத்து'. பூச்சிகளைக் கவர்வதற்கு என்று ஒரு கட்சி. பறவைகள் வந்து வலையில் மோதாமல் இருக்க எச்சரிக்கை என்று இன்னொரு கட்சி. விஞ்ஞானிகள் இன்னும் வழக்கை முடிக்கவில்லை.

நெசவாளிகளுக்கு இந்தச் சிலந்தியின் வேலை ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். பாவும் ஊடையும் அதற்கும் உண்டு. நடுவிலிருந்து சக்கர ஆரம் போல ஓடும் இழைகள் பாவு. அவற்றில் பசை இராது. சுற்றிச் சுற்றி வரும் இழை ஊடை, அதில்தான் பசை. ஆனால் எடுத்தவுடன் பசை இழையைச் சுற்றிவிடுவதில்லை. நடுவிலிருந்து வெளியே போகும்படி பசையில்லாத ஒரு சுற்றுத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளும், கொத்தனார் சாரம் கட்டுவது போல. பிறகு அதன் மேல் நடந்தபடியே வெளியிலிருந்து உள்ளே பசை இழையைச் சுற்றிக்கொண்டு வரும். வரும்போதே சாரத்தைப் பிரித்துவிடும். வலை பழசானால்? வீணாக்காது. தின்றுவிட்டு, அதையே ஜீரணித்து மறுபடி நூலாக்கும் சிலந்திகள் பல உண்டு. கழிவுப் பட்டு என்று ஒரு பிடி மிஞ்சாத தறி அது!

படம் எடுக்கப் போனால் செல்போன் வலையை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் சுவரைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒரு யுக்தி: வலைக்குச் சமமான தூரத்தில் உங்கள் விரலைக் காட்டி அதன் மேல் குவியத்தை நிறுத்திக்கொண்டு, விரலை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். வலைக்குப் பின்னால் யாரையாவது ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால் இழை ஒவ்வொன்றும் பளிச்சென்று வரும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் சிலந்தியும் தெரியாது, வலையும் தெரியாது. உங்கள் வியர்வைதான் மிச்சம்.

அடுத்தது கறிவேப்பிலைச் செடி. வீட்டு அம்மாளுக்குத் தெரியாமல் இதை நெருங்க முடியாது. இலையின் மேல் பறவை எச்சம் போட்டது போல ஒன்று இருக்கிறதா? நன்றாகப் பாருங்கள். அது எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப் பூச்சியின் புழுவாக இருக்கலாம். சின்ன வயசில் எச்சம் மாதிரி வேஷம். எச்சத்தை எந்தக் குருவி தின்னும்? கொஞ்சம் வளர்ந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி ஒரு வாடை அடிக்கும். அதுதான் அதன் ஆயுதம்.

இதில் பட்டு எங்கே என்று கேட்கிறீர்களா? கூட்டுப்புழுவாக மாறும் நேரத்தில் வருகிறது. ஒரு காம்பில் வால் பக்கத்தைப் பட்டுத் திண்டு போட்டு ஒட்டிக்கொண்டு, மார்பைச் சுற்றி ஒரே ஒரு பட்டுக் கயிற்றைப் போட்டு, பின்பக்கம் சாய்ந்து நின்றுவிடும். மின்சாரக் கம்பத்தில் லைன்மேன் இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்பாரே, அச்சு அசல் அதே நிலை. பட்டுப் புழு ஆயிரம் மீட்டர் நூலில் மாளிகை கட்டி உள்ளேயே வெந்துபோகிறது. இதுவோ ஓர் அங்குல நூலில் காரியத்தை முடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து நாளில் பறந்தே போய்விடுகிறது.

ஒரு மாதத்துக்கு ஒரே செடியைத் தினம் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதே மணி, அதே கிளை. முப்பது படத்தையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் எந்தத் தொடர்கதைக்கும் குறையாத மர்மம் இருக்கும். 'அடுத்த இதழில்' என்று ஒரு வாரம் காக்கவும் வேண்டாம். வீட்டு அம்மாளிடம் ஒரு கிளையை மட்டும் விட்டுக்கொடுக்கும்படி கேட்டுப் பெறுவது உங்கள் சாமர்த்தியம்.

இனி மாமரத்துக்கு வருவோம். எனக்கு இவர்கள் எல்லோரிலும் அதிகப் பிரியம் இந்த மரத்துக் கோஷ்டியின் மேல்தான். முசுறு என்றும் தையல் எறும்பு என்றும் சொல்கிற செவ்வெறும்பு. பச்சை இலைகளைச் சேர்த்து ஒட்டிப் பந்து மாதிரி கூடு கட்டியிருக்கும். இலையோடு இலையை எதனால் ஒட்டுகிறது என்று யோசித்ததுண்டா? பட்டினால்தான். ஆனால் எறும்புக்குப் பட்டு நூற்கத் தெரியாது. அங்கேதான் வேடிக்கை.

இரண்டு இலையை நெருக்கமாக இழுக்க வேண்டும். ஓர் எறும்புக்கு எட்டாது. ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விக்கொண்டு சங்கிலியாக நின்று, தேர் வடம் பிடிப்பது போல இழுக்கின்றன. இலைகள் பக்கத்தில் வந்ததும் ஒரு வரிசை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். இன்னொரு பட்டாளம் பழைய கூட்டுக்குள் ஓடிப் போய், ஆளுக்கு ஒரு குழந்தையை, அதாவது தங்கள் புழுவை, வாயில் கவ்விக்கொண்டு வரும். புழுவின் தலையை இலை ஓரத்தில் வைத்து, உணர்கொம்பால் தட்டும். புழு பட்டு இழையை விடும். உடனே அடுத்த இலை ஓரம்; மறுபடி இந்தப் பக்கம்; மறுபடி அந்தப் பக்கம். நாடா ஓடுகிறது, ஸ்வாமி! உயிருள்ள நாடா!

இன்னும் ஒரு சமாசாரம். மற்ற எத்தனையோ எறும்பு இனங்களின் புழுக்கள் தங்களுக்கென்று பட்டுக் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் உருமாறும். இந்த முசுறுப் புழுவுக்கு அது கிடையாது. இருந்த பட்டையெல்லாம் வீட்டுச் சுவருக்கே கொடுத்துவிடுவதால், தான் மாறும்போது போர்த்திக்கொள்ள ஓர் இழையும் இராது. ஆரணியில் இதைச் சொன்னபோது தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "ஊருக்கெல்லாம் பட்டு நெய்ஞ்சிட்டு நாம நூல் சேலை கட்டிக்கலையா, அப்படித்தான்" என்றாள். இதற்கு மேல் நான் என்ன எழுதுவது?

இந்த எறும்பைச் சும்மா நினைக்க வேண்டாம். தென் சீனாவில் 1,700 வருஷங்களுக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இதன் கூடுகளை வாங்கி வந்து மரத்தில் கட்டினார்கள், பழத்தைக் கெடுக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பதற்காக. நம் மாமரத்திலும் அதே உத்தியோகம்தான் பார்க்கிறது. படம் எடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கூட்டுக்கு நேர் கீழே நிற்காதீர்கள். சட்டைக் காலருக்குள் இரண்டு பேர் இறங்கிவிட்டால், அப்புறம் எடுக்கும் படம் எல்லாம் ஆடித்தான் இருக்கும்.

'யானையும் புலியும் படம் எடுக்கிறவர்கள் இருக்க, மாமரத்து எறும்புக்கு இவ்வளவு பிரலாபமா?' என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் ஒருவர் இருந்தார். மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் புதல்வர். 1912-ல் பிறந்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் ஒரு பகுதி எழுத ஆரம்பித்தார். 1996-ல் காலமாகிற வரையில், 46 வருஷம், எழுதிக்கொண்டே இருந்தார். காட்டு யானைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் குறைவு; கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர் காக்கையையும் அணிலையும் அதே சிரத்தையோடு எழுதினார். தாமே பாகங்களைச் சேர்த்து அமைத்துக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பான்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். 1970-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழிலும் எழுதினார், தியடோர் பாஸ்கரன் அந்தக் கட்டுரைகளைத் தேடிச் சேர்த்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக்கியிருக்கிறார். வாசகசாலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

தையல்காரரையும் பார்த்துவிடலாம். ஆரணித் தெருக்களில் பூவரசு, கொய்யா என்று கொஞ்சம் அகலமான இலை உள்ள செடி எங்கே இருந்தாலும் தையல்சிட்டு இருக்கும். விரல் நீளந்தான் ஆள்; குரலோ நாலு வீட்டுக்குக் கேட்கும். துருப்பிடித்த மாதிரி சிவந்த தலை, பச்சை முதுகு, நிமிர்ந்த வால். பெண் பறவைதான் தையல்காரி. இலை ஓரத்தில் அலகால் துளை போட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் நாரையும் அதில் நுழைத்து இழுக்கிறது. இழுத்த நூல் பிதுங்கிக் குமிழ் மாதிரி நின்றுவிடும். முடிச்சுக்கு அவசியம் இல்லை. ஆக, சிலந்தி நூற்ற பட்டைத் திருடித் தைக்கிற தையல் கடை இது.

இதன் கூட்டைக் கண்டுபிடித்தால் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும்: மறைக்கிற இலையைச் சற்று விலக்கிவிட்டுப் படம் எடுப்போமே என்று. வேண்டவே வேண்டாம். அந்த ஒரு இலைதான் காக்கைக்கும் குஞ்சுக்கும் நடுவில் இருக்கும் கதவு. நீங்கள் படத்தோடு போய்விடுவீர்கள், காக்கை போகாது. ஃபிளாஷ் வெளிச்சமும் கூடாது. தாய்ப்பறவை வாயில் இரையோடு வந்து, உள்ளே போகாமல் கிளைக்குக் கிளை தாவிக் கத்தினால், நீங்கள் நிற்பது அதிகப் பக்கம் என்று அர்த்தம்.

தூக்கணாங்குருவிக்கு ஊர் எல்லை வரை நடக்க வேண்டும். ஏரிக்கரைப் பனையிலும், கிணற்றுக்கு மேல் சாய்ந்த முள் மரத்திலும் மழைக் காலத்தில் தொங்கவிடும். இங்கே நெசவு ஆண்பிள்ளை வேலை. நெல் தாளையும் ஓலையையும் மெல்லிய நாராகக் கிழித்து நூற்றுக்கணக்கான தடவை பறந்து கொண்டுவந்து பின்னும். கூடு பாதி ஆனதும் பெண் குருவி வந்து உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் பாராமல் போய்விடும். சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து, "இழை தப்பியிருக்கே" என்று கூலியில் கை வைக்கும் முதலாளியை அறிந்தவர்களுக்கு அந்த ஆண் குருவியின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை. கூட்டுக்குள் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்று பாட்டி சொன்ன கதை வாஸ்தவத்தில் அப்படி இல்லை. ஈரக் களிமண்ணை உள்ளே அப்புவது மட்டும் உண்மை.

ஆரணியில் கோட்டைப் பக்கம் ஒரு நாள் காலை. தெருவோரத்தில் பாவு நீட்டியிருந்தார்கள். வேப்ப மரத்தில் ஓர் அணிலை நான் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்:

"தம்பி, அணில எதுக்கு எடுக்கிறே? இது இன்னா, இல்லாத அதிசயமா?"

நியாயமான கேள்விதான். நான் திருப்பிக் கேட்டேன். "ஐயா, உங்க சின்ன வயசிலே இங்கே பிணந்தின்னிக் கழுகு இருந்துதுங்களா?"

"இல்லாம? மாடு செத்தா ஆத்துல போட்டுருவாங்க. வானமே தெரியாது, அவ்ளோ வரும். இப்பத்தான் காணலை."

"அதை யாராவது படம் எடுத்திருக்காங்களா?"

பெரியவர் சிரித்துவிட்டார். "கழுக யாருப்பா படம் எடுப்பான்!"

அதேதான் விஷயம். இந்தியா முழுவதும் கோடிக் கணக்கில் இருந்த பிராணி அது. 1990-களில் சரிய ஆரம்பித்து, பதினைந்து வருஷத்துக்குள் வெண்முதுகுக் கழுகு இனம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே கழுகின் சிறுநீரகத்தை அழித்தது என்பது 2004-ல்தான் தெரியவந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று கழுகுகளைப் பார்க்க நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பக்கம் போக வேண்டும். ஆரணிக்கு அதிக தூரமில்லாத திருக்கழுக்குன்றத்தில், உச்சி வேளையில் பிரசாதம் உண்ண வந்த கழுகுகளும் 1990-களோடு வருவதை நிறுத்திவிட்டன. அந்த இரண்டு கழுகுகளுக்காவது பக்தர்கள் எடுத்த படங்கள் இருக்கின்றன; தெய்வாம்சம் என்று எடுத்தார்கள். ஆற்றங்கரையில் கூட்டமாக இறங்கினவற்றை, சாதாரணம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆரணிக் கோட்டைக்குச் சரித்திரத்தில் இடம் உண்டு. 1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே சண்டை போட்டான். 1782-ல் ஹைதர் அலியின் சேனையும் இங்கிலீஷ்காரர் சேனையும் இங்கே மோதின. எத்தனை பீரங்கி, எத்தனை சிப்பாய் என்று புத்தகத்தில் கணக்கு இருக்கிறது. அதே மைதானத்தில் அன்று இறங்கிய பறவைகளுக்குக் கணக்கு எழுதுவது யாருடைய உத்தியோகமும் அல்ல. இன்றைக்கும் அல்ல, ஆகையால்தான் உங்களைக் கேட்கிறேன்.

சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்வோம். 'செல்போன் கோபுரத்தால் குருவி அழிந்தே போயிற்று' என்று எல்லோரும் பேசினோம் அல்லவா? 2020-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்று ஓர் அறிக்கை வந்தது. பெரிய நகரங்களில் குருவி குறைந்திருக்கிறது. ஆனால் தேசம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இருபத்தைந்து வருஷமாக ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கிறது என்று அதில் கண்டார்கள். கோபுரத்தைக் குற்றவாளி ஆக்கவும் சாட்சியம் இல்லை. இந்த முடிவைச் சொன்னது யாரோ நாலு நிபுணர்கள் மட்டும் அல்ல. குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் மாணவனும் தங்கள் வீட்டு வாசலில் பார்த்ததை நாள் வாரியாக எழுதி வைத்த குறிப்புகள் சொல்லின. 2023-ல் வந்த அறிக்கைக்கு முப்பதாயிரம் பேர் அனுப்பிய மூன்று கோடிக் குறிப்புகள் ஆதாரம்; அவற்றைக் கொண்டு 942 இனப் பறவைகளை ஆராய்ந்தார்கள்.

ஆனால் ஆரணியில் குருவி விவகாரம் அவ்வளவு லேசானது அல்ல. ஓட்டுக் கூரையும், சுவரில் சாய்வாக மாட்டிய சாமி படமும் உள்ள தறிவீடு குருவிக்குப் பிடித்த இடம். படத்துக்குப் பின்னால் வைக்கோலைத் திணித்துக் கூடு கட்டிவிடும். கீழே பாவு! பல நாள் உழைப்பில் பாதி நெய்த சேலை! மேலிருந்து ஒரு சொட்டு எச்சம் ஜரிகையில் விழுந்தால் என்ன ஆகும்? அணிலைப் பற்றிக் கேட்ட பெரியவரே இதையும் சொன்னார்:

"குருவி கட்டினா குடும்பத்துக்கு நல்லதுன்னு எங்க அம்மா கலைக்க விடாது. ஆனா தம்பி, சேலையில கறை பட்டா கூலி போச்சு. குருவியா வந்து குடுக்கப் போவுது?"

குருவியை விரட்டாதே என்று பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். கூலி போகிறவருக்கு அது உபதேசமாகத்தான் இருக்கும். அதே தெருவில் வேறொரு வீட்டில் ஒரு மத்தியஸ்தம் செய்திருந்தார்கள். தறிக்கு மேலே பழைய வேஷ்டியைப் பந்தல் மாதிரி கட்டிவிட்டார்கள். இந்தப் பருவக் குஞ்சு பறக்கிற வரையில் அது இருக்கும். பறந்த பிறகு கூட்டை எடுத்துவிட்டு, படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டிவிடுவார்களாம். அதற்குள் வெளித் திண்ணையில் ஒரு மரப்பெட்டி தயார். பெட்டிக்கு வாசல் ஒன்றேகால் அங்குலத் துளை. அதைவிடப் பெரிதானால் மைனா குடிவந்துவிடும். எட்டு, பத்தடி உயரம், பூனை எட்டாத இடம், பிற்பகல் வெயில் படாத பக்கம். நான் பார்த்தபோது ஒரு ஆண் குருவி பெட்டியின் வாசலில் உட்கார்ந்து, அட்வான்ஸ் கொடுக்க வந்தவர் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுப் பையன், எட்டாம் வகுப்பு, அதைச் செல்போனில் எடுத்து வைத்திருந்தான். படம் சற்று மங்கல்தான். ஆனால் கீழே தேதி இருந்தது.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குத் தீனி மட்டும் வைத்தால் போதாது. பெரிய குருவிதான் தானியம் தின்னும். குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். ஆரணியில் அரிசி ஆலைகள் உண்டு, சிந்தின குறுநொய்க்குப் பஞ்சம் இல்லை. பூச்சி எங்கிருந்து வரும்? அந்தக் கறிவேப்பிலையிலிருந்தும், மருந்து அடிக்காத கொல்லைச் செடியிலிருந்தும்தான். எலுமிச்சை அழகியின் புழுவைக்கூடக் குருவி கொத்திக்கொண்டு போகலாம். உங்கள் முப்பது நாள் தொடர்கதை பன்னிரண்டாம் நாளே சோகமாக முடிந்துவிடும். அந்தப் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

படம் எடுத்தால் மட்டும் வேலை முடியவில்லை. செல்போன் தேதியையும் மணியையும் தானே குறித்துக்கொள்ளும்; ஆனால் வாட்ஸப்பில் மாமாவுக்கும் மச்சானுக்கும் அனுப்பும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். ஆகையால் கூலிக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்திலாவது எழுதி வையுங்கள்: தேதி, தெரு, எந்தச் செடி, எத்தனை. சின்னப் பூச்சியானால் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், அது உட்கார்ந்திருந்த இலையோடு ஒரு படம். பெயர் தெரியாவிட்டால் பாதகம் இல்லை. 'ஐநேச்சுரலிஸ்ட்' என்ற தளத்தில் படத்தைப் போட்டால், எங்கோ இருக்கிற ஒரு புண்ணியவான் பெயரைச் சொல்லிவிடுவார். பறவைக் கணக்குக்கு 'இ-பேர்ட்' இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. கூட்டின் படத்தை மட்டும் இடத்தைச் சொல்லிப் போடாதீர்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இலையை விலக்காமல் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

எங்கே ஆரம்பிப்பது என்று தயங்குகிறவர்களுக்குப் பொங்கல் நல்ல நாள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். யாரும் சேரலாம். ஓர் இடத்தில் பதினைந்து நிமிஷம் நின்று கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணி எழுதி அனுப்ப வேண்டும்; காக்கையும் கணக்கில் உண்டு. வாசலில் கரும்பைக் கடித்துக்கொண்டே எண்ணலாம். கணக்கு எழுதும் கையை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள். கரும்புச் சாறு பட்டால் செல்போன் சொன்ன பேச்சைக் கேட்காது, எறும்பும் வரும்.